நடவு முடிந்த பிறகு கரண்ட் வைத்துக்கொள்ளலாமா?

கேள்வி: என் அம்மாவுக்கு 49 வயது. விழுப்புரம் மாவட்டத்தில் ஒரு கிராமம். அம்மா விவசாயக் கூலி, அப்பா கொத்தனாரோடு சித்தாள் வேலை. எட்டு மாதமாக வெள்ளைப்படுதலும் இடையிடையே ரத்தப்போக்கும் இருந்தது. மாதவிலக்கு நிற்கிற நேரம் என்று மெடிக்கலில் மாத்திரை வாங்கிச் சாப்பிட்டு வந்தார். சென்னையில் அரசு மருத்துவமனையில் காட்டியபோது கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய், 2பி கட்டம் என்றார்கள். 25 முறை கரண்ட் (கதிர்வீச்சு), வாரம் ஒரு கீமோ ஊசி, பிறகு உள்ளே வைக்கும் கரண்ட் (உள் கதிர்வீச்சு) என்று சொல்லியிருக்கிறார்கள். போன திங்கட்கிழமையோடு 11 கரண்ட் ஆனது. வயிற்றுப்போக்கும் அசதியுமாக ஊருக்கு வந்தவர் திரும்பிப் போகவில்லை. இன்று ஞாயிறு. நடவு தொடங்கிவிட்டது, வருடத்தில் இந்த நேரத்தில்தான் கூலி கிடைக்கும், மகளிர் குழு லோனும் கட்ட வேண்டும், மூன்று வாரம் கழித்துப் போகிறேன் என்கிறார். ரத்தப்போக்கு நின்றுவிட்டதால் பாதி குணமாகிவிட்டது என்று நினைக்கிறார். அரசு மருத்துவமனையில் இருப்பது பழைய மெஷின் என்றும், தனியாரில் ஒன்றரை லட்சத்துக்குக் கர்ப்பப்பையையே எடுத்துவிடுவார்கள் என்றும் சொந்தக்காரர் ஒருவர் சொல்கிறார். பசுவை விற்றுச் சேர்க்கலாமா என்று அப்பா கேட்கிறார். வசதி இருந்தால்தான் இந்த நோயில் பிழைக்க முடியுமா? எனக்கு 27 வயது, அக்காவுக்கு 32. நாங்களும் பரிசோதித்துக்கொள்ள வேண்டுமா?

பதில்: அம்மா நாளைக் காலையே கிளம்ப வேண்டும். இந்த ஒரு வரியை மட்டும் கடிதம் கிடைத்த உடனே உங்களுக்குத் தனியாக அனுப்பிவிட்டோம். காரணங்களையும் வழிமுறைகளையும் இங்கே விரிவாக எழுதுகிறோம். உங்கள் வீட்டு நிலைமையில் இன்னும் பல வீடுகள் இருக்கின்றன.

முதலில் நாள் கணக்கு. கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்கு வெளியிலிருந்து வைக்கும் கரண்ட், கீமோ, உள் கதிர்வீச்சு எல்லாமே தொடங்கிய நாளிலிருந்து 8 வாரத்துக்குள், அதாவது 56 நாளுக்குள் முடிந்துவிட வேண்டும். திங்கள் முதல் வெள்ளி வரை என்று வைத்தால் 11ஆவது கரண்ட் வைத்தது 15ஆம் நாள். நீங்கள் எழுதிய ஞாயிறு 21ஆம் நாள். 22ஆம் நாளான திங்களன்று மறுபடி தொடங்கினால் மீதி 14 கரண்டும் 39ஆம் நாளில் முடியும். அதன்பின் இரண்டு வாரத்தில் உள் கதிர்வீச்சை முடித்தாலும் 53ஆம் நாள்தான் ஆகும். இன்னும் எல்லைக்குள்தான் இருக்கிறீர்கள். மூன்று வாரம் கழித்துப் போனால் தொடங்குவதே 43ஆம் நாள், வெளிக் கரண்ட் முடிவது 60ஆம் நாள், எல்லாம் முடிய ஏறக்குறைய 74 நாள் ஆகிவிடும். 56ஐத் தாண்டும் ஒவ்வொரு நாளுக்கும் இடுப்புப் பகுதியில் நோய் அடங்கும் வாய்ப்பு அரை முதல் 1 சதவீதம் வரை குறைகிறது. 18 நாள் தாண்டினால் 9 முதல் 18 சதவீதம் போய்விடும். எவ்வளவு பணம் செலவழித்தாலும் பிறகு அதைத் திரும்ப வாங்க முடியாது.

ஏன் இப்படி ஆகிறது என்பதை அம்மாவிடம் அவர் தொழிலை வைத்தே சொல்லுங்கள். பாதி களை எடுத்துவிட்டு மூன்று வாரம் விட்ட வயல் என்ன ஆகும் என்று அவருக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. சிகிச்சை தொடங்கி மூன்று வாரம் ஆகும்போது, சாகாமல் மிஞ்சிய புற்றணுக்கள் முன்பைவிட வேகமாகப் பெருக ஆரம்பிக்கின்றன. சரியாக அந்தக் கட்டத்தில்தான் அம்மா வீட்டில் இருக்கிறார். ரத்தப்போக்கு நின்றது நல்ல அறிகுறிதான், கட்டி சுருங்குகிறது என்று அர்த்தம். ஆனால் அது குணமாகிவிட்டதற்கு அடையாளம் இல்லை. பாதியில் நின்றுபோகிற பலரும் நிற்பது இந்த இடத்தில்தான்: ரத்தம் நின்றிருக்கும், வயிற்றுப்போக்கு தொடங்கியிருக்கும், கையில் பணம் தீர்ந்திருக்கும்.

திங்கட்கிழமை செய்ய வேண்டியது இது. ஃபைலையும் கரண்ட் கார்டையும் எடுத்துக்கொண்டு நேராகக் கதிர்வீச்சுப் பிரிவுக்குப் போங்கள், மறுபடி ஓ.பி. சீட்டுப் போட்டு முதலிலிருந்து வர வேண்டாம். இடுப்பில் மை வைத்துக் குறித்த அடையாளங்கள் அழிந்திருந்தால் நீங்களே பேனாவால் வரைந்துவிடக் கூடாது. அழிந்துவிட்டது என்று சொன்னால் அங்கே புதிதாகக் குறித்துக்கொள்வார்கள். விட்டுப்போன நாட்களை ஈடுகட்டவும் வழி உண்டு. சனிக்கிழமையும் வைக்கலாம், அல்லது ஏதாவது ஒரு நாளில் குறைந்தது 6 மணி நேர இடைவெளி விட்டு இருமுறை வைக்கலாம். அம்மாவுக்கு எது பொருந்தும் என்பதை மருத்துவர் தீர்மானிப்பார். “விட்ட நாளுக்கு ஈடு செய்ய முடியுமா டாக்டர்?” என்று நீங்கள் வாய்விட்டுக் கேட்க வேண்டும். நெரிசலான ஓ.பி.யில் கேட்காமல் விட்டால் அது நடக்காமலே போகலாம்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லுங்கள்: ஏன் வரவில்லை என்பதை. “உடம்பு சரியில்லை” என்று மட்டும் சொன்னால் மாத்திரை எழுதிக் கொடுப்பார்கள். “கூலி போகிறது, லோன் கட்ட வேண்டும், துணைக்கு ஆள் இல்லை” என்று சொன்னால்தான் மருத்துவ சமூகப் பணியாளரிடம் அனுப்புவார்கள். பணமில்லை என்று சொல்லக் கூசி, அலட்சியக்காரர் என்ற பெயரோடு திரும்புகிற நோயாளிகள் நிறைய. அந்தக் கூச்சத்தால் உயிரே போகிறது.

பழைய மெஷின் பற்றிய பயம் தேவையில்லாதது. பழைய கோபால்ட் மெஷினாக இருந்தாலும் லீனியர் ஆக்சிலரேட்டர் என்ற புது மெஷினாக இருந்தாலும் இந்த நோய் குணமாகிறது. புது மெஷினில் குடலுக்கும் மூத்திரப் பைக்கும் படும் கதிர்வீச்சு குறைவு, அதனால் தொந்தரவு குறைவு, அது நல்லதுதான். ஆனால் கோபால்ட்டில் நாள் தவறாமல் 25 முறை வைத்துக்கொண்டவர், நவீன மெஷினில் மூன்று வாரம் விட்டுவிட்டு வைத்துக்கொண்டவரைவிட நல்ல நிலைமையில் இருப்பார். அம்மாவுக்குப் போடும் சிஸ்பிளாட்டின் என்ற கீமோ ஊசியும் எங்கே போட்டாலும் ஒரே மருந்துதான், அது விலை உயர்ந்த மருந்தும் அல்ல.

கர்ப்பப்பையை எடுத்துவிடலாம் என்ற யோசனை இன்னும் ஆபத்தானது. 2பி என்றால் நோய் கர்ப்பப்பை வாயைத் தாண்டிப் பக்கத்துத் திசுக்களுக்குள் போயிருக்கிறது. வெட்டி எடுத்தால் விளிம்பில் நோய் மிஞ்சும், பிறகு மறுபடி கரண்ட்தான் வைக்க வேண்டும், அதுவும் கர்ப்பப்பை இல்லாத இடத்தில் உள் கதிர்வீச்சைச் சரியாக வைப்பது கடினம். 2பி கட்டத்துக்குக் கரண்டும் கீமோவும் சேர்ந்ததுதான் முறையான சிகிச்சை. பாதியில் மருத்துவமனை மாற்றுவதே கெடுதல்: புது இடத்தில் மறுபடி ஸ்கேன் எடுத்துத் திட்டம் போட ஒன்று இரண்டு வாரம் போகும், பழைய டோஸ் விவரம் முழுதாகக் கைக்கு வராது. பசுவை விற்க வேண்டாம் என்று அப்பாவிடம் சொல்லுங்கள். சிகிச்சை முடிந்து அம்மா இரண்டு மூன்று மாதம் வேலைக்குப் போக முடியாமல் இருக்கும்போது அந்தப் பால்காசுதான் வீட்டைக் காப்பாற்றும்.

வசதி இருந்தால்தான் பிழைக்க முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். வசதிக்கும் பிழைப்புக்கும் தொடர்பு உண்டு, அதை மறைத்துப் பயனில்லை. வேறொரு புற்றுநோயை எடுத்துக்கொண்டால், 2010 முதல் 2014 வரை மார்பகப் புற்று கண்டறியப்பட்டவர்களில் ஐந்து ஆண்டு உயிரோடிருந்தவர்கள் அமெரிக்காவில் 100க்கு 90 பேர், இந்தியாவில் 66 பேர். இந்த இடைவெளியில் பெரும்பகுதி, தாமதமாக வருவதாலும் தொடங்கியதை முடிக்காமல் போவதாலும் வருவது. உங்கள் வீட்டில் நடந்ததையே பாருங்கள். முதல் எட்டு மாதம் மெடிக்கல் மாத்திரையில் போனது, ஏனென்றால் ஒரு நாள் மருத்துவமனைக்குப் போனால் ஒரு நாள் கூலி போகும். இப்போது நடவில் மூன்று வாரம் போகப்போகிறது. பணம் இல்லாததால் தவறிப்போனவை இந்த நாட்கள்தான், மருந்து அல்ல. முதல் எட்டு மாதத்தை மாற்ற முடியாது. ஆனால் 2பி கட்டத்தில் முழுச் சிகிச்சை எடுத்தவர்களில் பத்துக்கு ஆறு பேராவது ஐந்து ஆண்டைத் தாண்டுகிறார்கள். அம்மா அந்தக் கணக்கில் இருக்க இன்னும் வழி இருக்கிறது.

செலவைக் காகிதத்தில் போடுங்கள். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டை உங்களிடம் இருக்கிறதா என்று கடிதத்தில் இல்லை. இல்லையென்றால், ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் என்று வருமானச் சான்று, குடும்ப அட்டை, ஆதார் ஆகியவற்றோடு ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள காப்பீட்டு மையத்துக்குப் போனால் பதிந்து தருவார்கள். குடும்ப அட்டையில் அம்மாவின் பெயர் இருக்க வேண்டும். அட்டையில் ஒரு பெயர், ஆதாரில் ஒரு பெயர் என்று இருந்தால் அங்கேதான் மாட்டிக்கொள்ளும், அதை முதலில் சரிபாருங்கள். குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை கிடைக்கிறது. கரண்டும் கீமோவும் இதில் அடங்கும். அரசு மருத்துவமனையில் அட்டை இல்லாவிட்டாலும் கரண்ட்டை நிறுத்த மாட்டார்கள், எனவே அட்டைக்காகக் காத்திருந்து நாளை இழக்க வேண்டாம். அம்மா கிளம்பட்டும், அட்டை வேலையை நீங்கள் பாருங்கள்.

காப்பீட்டில் வராத செலவுதான் உங்களை முறிக்கிறது. அம்மாவுக்கு நாள்கூலி 350, அப்பாவுக்கு 600 என்று வைத்துக்கொள்வோம். வாரம் ஆறு நாள் வேலை என்றால் 8 வாரத்துக்கு அம்மாவின் இழப்பு 16,800, அப்பாவும் கூடவே இருந்தால் 28,800, மொத்தம் 45,600 ரூபாய். இலவசச் சிகிச்சையின் உண்மையான விலை இது. இதில் பெரிய பங்கு அப்பாவுடையது என்பதைக் கவனியுங்கள். அதைத்தான் குறைக்க முடியும்.

தினமும் ஊரிலிருந்து சென்னைக்குப் போய்வர வேண்டாம். தூரத்து ஊர், வார்டில் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று கேளுங்கள். உள்நோயாளியானால் சாப்பாடும் அங்கேயே கிடைக்கும். படுக்கை இல்லையென்றால், நோயாளிகள் தங்க இலவச இல்லம் பக்கத்தில் எது என்று சமூகப் பணியாளரைக் கேளுங்கள். பெண்கள் வார்டில் இரவில் ஆண்களைத் தங்க விடமாட்டார்கள், எனவே அப்பா அங்கே வாசலில் படுத்துக் கூலியை இழப்பதில் பயனில்லை. அம்மா தானே நடக்கிறார், தானே சாப்பிடுகிறார் என்றால் எல்லா நாளும் ஆள் தேவையில்லை. கீமோ ஊசி நாளிலும் உள் கதிர்வீச்சு நாளிலும் கட்டாயம் ஒருவர் வேண்டும். வாரம் ஒரு ஊசி என்றால் மூன்று முடிந்திருக்கும், மீதி இரண்டு. உள் கதிர்வீச்சு இரண்டு முதல் நான்கு முறை. ஆக, துணை தேவைப்படுவது நான்கிலிருந்து ஆறு நாள். நீங்கள், அக்கா, சித்தி என்று முறை போட்டால் அப்பாவின் கூலி அநேகமாக முழுதாகத் தப்பிவிடும்.

ரயிலில் போனால், சிகிச்சைக்குப் பயணிக்கும் புற்றுநோயாளிக்கு ஸ்லீப்பரில் கட்டணம் இல்லை, இரண்டாம் வகுப்பில் 75 சதவீதம் சலுகை. கூட வருபவருக்கும் இரண்டிலும் 75 சதவீதம் உண்டு. அதற்கான படிவத்தில் மருத்துவமனையில் கையெழுத்தும் முத்திரையும் வாங்கி, கவுன்டரில் டிக்கெட் எடுக்க வேண்டும். சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்கு டிக்கெட் கிடையாது என்பது உங்களுக்குத் தெரிந்ததே. துணைக்குப் போகிறவரும் பெண்ணாக இருந்தால் அந்தச் செலவும் இல்லை.

அம்மா விவசாயக் கூலி என்பதால் முதலமைச்சரின் உழவர் பாதுகாப்புத் திட்டத்தில் உறுப்பினரா என்று கிராம நிர்வாக அலுவலரிடம் கேளுங்கள். உறுப்பினர் என்றால், நோயால் வேலை செய்ய முடியாத காலத்துக்கு மாத உதவித்தொகை கேட்டுச் சமூகப் பாதுகாப்புத் திட்டத் தனி வட்டாட்சியரிடம் விண்ணப்பிக்கலாம். மருத்துவரின் சான்று இணைக்க வேண்டும். குழு லோனுக்கு, தலைவியிடம் வாய்ப்பேச்சாகச் சொல்லாமல், சிகிச்சைச் சான்றின் நகலோடு இரண்டு மாதத் தவணை தள்ளிவைப்பு கேட்டு லோன் கொடுத்த கிளைக்கு எழுத்தில் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். இந்தத் தவணையைக் கட்ட வேறொரு லோன் எடுக்காதீர்கள்.

இனி உடம்பு. வயிற்றுப்போக்குக்குப் பயந்துதான் அம்மா வந்தார், அதைச் சரிசெய்யாமல் அனுப்பினால் மறுபடியும் திரும்பி வருவார். மூன்றாவது வாரத்தில் இது எதிர்பார்த்ததுதான். உப்புப் போட்ட அரிசிக் கஞ்சி, மோர், தயிர்சாதம், இட்லி, வாழைப்பழம் கொடுங்கள். கீரை, முழுப் பயறு, சுண்டல், பச்சைக் காய், காரம், பால் ஆகியவற்றைச் சிகிச்சை முடியும்வரை நிறுத்திவையுங்கள். கீரை உடம்புக்கு நல்லது என்று பாசத்தோடு கொடுத்து வயிற்றுப்போக்கை அதிகமாக்குவது எல்லா வீட்டிலும் நடக்கிறது. ஓ.ஆர்.எஸ். பொட்டலம் ஒன்றை ஒரு லிட்டர் தண்ணீரில் முழுதாகக் கரைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்க வேண்டும், பாதிப் பொட்டலம் கரைப்பது சரியில்லை. ஒரு நாளில் ஆறு தடவைக்கு மேல் போனாலோ, காய்ச்சல் வந்தாலோ, மலத்தில் ரத்தம் இருந்தாலோ அன்றே மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

தண்ணீர் குடிப்பது தனியாகச் சொல்ல வேண்டிய விஷயம். சிஸ்பிளாட்டின் சிறுநீரகத்தைத் தாக்கக்கூடியது, ஊசி நாளிலும் அடுத்த இரண்டு நாளும் இரண்டரை, மூன்று லிட்டர் தண்ணீர் போக வேண்டும். ஆனால் நம் ஊர்ப் பெண்கள் பேருந்துப் பயணத்தில் கழிப்பறை இல்லாததால் காலையிலிருந்தே தண்ணீர் குடிப்பதில்லை. வார்டுக் கழிப்பறைக்குக் கூசி அங்கேயும் குடிப்பதில்லை. அடுத்த வாரம் ரத்தப் பரிசோதனையில், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின் அளவு ஏறியிருக்கும், கீமோ தள்ளிப்போகும். கரண்ட் வைக்கும்போது மூத்திரப் பை நிறைந்திருக்கச் சொல்லியிருந்தால் அதற்கும் தண்ணீர் வேண்டும். பை நிறைந்திருந்தால் குடல் மேலே தள்ளப்பட்டுக் கதிர்வீச்சு குறைவாகப் படும், வயிற்றுப்போக்கும் குறையும். அம்மா வார்டிலேயே தங்குவது நல்லது என்பதற்கு இது இன்னொரு காரணம்.

ஹீமோகுளோபின் எவ்வளவு என்று கேளுங்கள். 10க்குக் கீழே இருந்தால் கட்டிக்கு ஆக்சிஜன் போதாமல் கரண்ட்டின் வேலை குறையும். எட்டு மாதம் ரத்தம் போனவருக்குக் குறைந்திருக்க வாய்ப்பு அதிகம். ரத்தம் ஏற்ற வேண்டும் என்றால் உறவில் இரண்டு பேரை முன்கூட்டியே தயாராக வைத்திருங்கள், அந்த நேரத்தில் ஆள் தேடி இரண்டு நாள் போக வேண்டாம்.

25 முடிந்ததும் எல்லாம் முடிந்தது என்று வீட்டுக்குக் கிளம்பிவிடாதீர்கள். உள்ளே வைக்கும் கரண்ட் கூடுதல் உபசாரம் அல்ல, சிகிச்சையின் பாதி அது. கட்டி இருந்த இடத்திலேயே குழாய் வைத்து அதிக டோஸ் கொடுப்பதால்தான் நோய் வேரோடு அடங்குகிறது. வெளிக் கரண்ட் மட்டும் வைத்துக்கொண்டவர்களுக்கு நோய் திரும்ப வரும் அபாயம் மிக அதிகம். மயக்கமோ முதுகில் ஊசியோ கொடுத்துச் செய்வார்கள், சில மணி நேரத்தில் முடிந்துவிடும், குழாயை எடுத்துவிடுவார்கள், உடம்பில் எதுவும் தங்காது. உங்கள் மருத்துவமனையில் அந்த வசதி இருக்கிறதா, வேறு இடத்துக்கு அனுப்புவார்களா, தேதி என்ன என்று இப்போதே கேட்டு எழுதி வாங்குங்கள். 25 முடிந்தபின் கேட்டால் வரிசையில் இரண்டு வாரம் போய்விடும்.

இந்த நோய் தொட்டால் ஒட்டாது, கரண்ட்டும் ஒட்டாது. பேரக்குழந்தை மடியில் உட்காரலாம், தனித் தட்டு தேவையில்லை. சிகிச்சைக்குப் பின் பிறப்புறுப்பு சுருங்கி இறுகும், தாம்பத்தியத்தில் வலி வரும், மருத்துவர் உள்ளே பரிசோதிப்பதும் கடினமாகும். அதைத் தடுக்க டைலேட்டர் என்ற சிறு கருவி உண்டு. எப்போது தொடங்குவது, எப்படி என்று பெண் மருத்துவரிடமோ செவிலியரிடமோ நீங்களே கேளுங்கள், அம்மா கேட்கமாட்டார். முதல் இரண்டு ஆண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை, பிறகு ஐந்து ஆண்டு வரை ஆறு மாதத்துக்கு ஒருமுறை காட்ட வேண்டும். இடையில் மறுபடி ரத்தம், ஒரு கால் மட்டும் வீக்கம், இடுப்பில் விடாத வலி, சிறுநீர் குறைதல் என்றால் தேதிக்குக் காத்திருக்கக் கூடாது.

அக்காவுக்கு 32 வயது என்பதால் அவர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கர்ப்பப்பை வாய்ப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும், கட்டணம் இல்லை. அசிட்டிக் அமிலம் தடவிக் கண்ணால் பார்க்கும் எளிய சோதனை அது, சில நிமிடம்தான். திண்டுக்கல் மாவட்டத்தில் 30 முதல் 59 வயதுப் பெண்களிடம் நடந்த ஆய்வின் முடிவு 2007இல் வெளியானது: ஒரே ஒருமுறை இந்தச் சோதனை செய்து, தேவைப்பட்டவர்களுக்குச் சிகிச்சை கொடுத்ததில் இந்நோயால் வரும் மரணம் 35 சதவீதம் குறைந்தது. மாதவிலக்கு நாட்களைத் தவிர்த்துப் போகச் சொல்லுங்கள். உங்களுக்கு 30 ஆனதும் நீங்களும் செய்துகொள்ளுங்கள். இந்நோய் பெரும்பாலும் எச்.பி.வி. கிருமியால் வருவது, அம்மாவுக்கு வந்ததால் மகளுக்கு வந்தே தீரும் என்பதில்லை. ஆனால் உறவுக்குப் பின் ரத்தக் கசிவோ நாற்றத்தோடு வெள்ளைப்படுதலோ இருந்தால் 30 வரை பொறுக்காமல் அந்த வாரமே மருத்துவரிடம் காட்டுங்கள். வீட்டில் 9 முதல் 14 வயதுக்குள் பெண் குழந்தை இருந்தால் தடுப்பூசி பற்றியும் அதே சுகாதார நிலையத்தில் கேட்டுவிட்டு வாருங்கள்.